மாடு குடிப்பது சொற்பம், புல் குடிப்பதுதான் கணக்கு

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்திலிருந்து:

2024-இல் மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-இல் திறக்கவில்லை. ஜூலை 28 ஆகிவிட்டது. நாங்கள் குறுவை நெல் போடவில்லை. அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பெரிந்தது பால் சொசைட்டி (கூட்டுறவு சங்கம்) பணத்தில்தான். கலப்பின மாடு மூன்று. இரண்டு வேளையும் சேர்த்து 22 லிட்டர் ஊற்றினோம். நெல் பணம் வந்த வழியே கடனுக்குப் போய்விடும், பால் பணம் அம்மாவின் முந்தானையில் முடியப்படும்.

உறுத்தியது தண்ணீர். "உன் மாடுகள் போர்க்கிணற்றை வற்ற அடித்துவிடும் போலிருக்கிறதே, தம்பி" என்றார் பக்கத்து வயல்காரர். ரோஷம் வந்து கணக்குப் போட்டேன். வெயிலில் ஒரு மாடு 70 லிட்டர் குடிக்கிறது என்றே வையுங்கள். குளிப்பாட்டுவதையும் கொட்டகை கழுவுவதையும் சேர்த்தாலும் மூன்றுக்கும் நாளைக்கு 500 லிட்டரைத் தாண்டவில்லை. பிறகு, ஒரு மா (33 சென்ட்) நிலத்தில் நட்டிருந்த கோ-4 தீவனப் புல்லுக்கு வந்தேன். பத்து நாளைக்கு ஒரு தண்ணீர். 33 சென்டில் 5 சென்டிமீட்டர் நீர் நிறுத்தினால் 66,000 லிட்டருக்குக் குறையாது. நாளைக்கு 6,600! வயல்காரர் சொன்னது பாதி சரி.

நெல் குடிக்காததா என்பீர்கள். குடிக்கும், ஆனால் நான்கு மாதத்தில் அறுவடை முடிந்துவிடும். புல்லுக்குக் கோடை விடுமுறை கிடையாது. ஆற்றில் மணல் தெரியும் ஏப்ரலிலும் 45 நாளுக்கு ஓர் அறுப்பு வேண்டுமென்றால் நிலத்தடி நீரைத்தான் இறைக்க வேண்டும். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் ஓடும் நேரத்தை யாரும் பார்ப்பதுமில்லை.

எங்கள் வைக்கோலோ, அறுவடை இயந்திரம் போன கையோடு உருளை உருளையாகக் கட்டப்பட்டு லாரியில் கேரளாவுக்குப் போகிறது. நெல்லோடு சேர்ந்து வந்த தீவனம், தனியாக ஒரு சொட்டு நீர் கேட்காதது. மறைப்பானேன், நானும் விற்றேன். அந்தப் பணத்தில் புல்லுக்கு இறைக்கும் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டினேன்.

இப்போது புல்லை அரை மாவாகக் குறைத்துவிட்டு, சம்பா வைக்கோலில் பாதியைப் போர் போட்டிருக்கிறேன் (இது வைக்கோல் போர்). பால் இரண்டு லிட்டர் இறங்கியது. அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தலைஞாயிறு பக்கத்திலிருந்து:

அண்ணே, உங்கள் போரில் நல்ல தண்ணீர் வருகிறது. கடல் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு உப்பு. புல் நட்டுப் பார்த்தேன், நுனி கருகிவிட்டது. வீட்டில் இரண்டு உம்பளச்சேரி நாட்டு மாடுகள் இருக்கின்றன. வரப்பிலும் அறுத்த நெல் தாளிலும் மேய்ந்துவிட்டு வந்து, கன்று குடித்தது போக ஆளுக்கு இரண்டு லிட்டர் கறக்கும். சொசைட்டிக்கு ஊற்ற அது போதாது. சேற்றுழவுக்கு இதைப் போல மாடு உண்டா என்பார் தாத்தா. உழுவது இப்போது டிராக்டர். சிவப்பாகப் பிறக்கும் கன்று சாம்பல் நிறத்துக்கு மாறுவதை வேடிக்கை பார்க்கத்தான் வைத்திருக்கிறேன் என்று வீட்டில் திட்டு விழுகிறது.

மன்னார்குடியிலிருந்து:

மீதிப் பாதி வைக்கோலை என்ன விலைக்குக் கொடுத்தீர்கள், அண்ணே? அடுத்த அறுப்புக்குச் சொல்லுங்கள், லாரிக்கு முன்னால் நான் வந்து நிற்கிறேன்.