கிடங்கு கிண்டுற மெசினோடு பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

இணுவில்காரன்:
இடுப்பில் கட்டின ஒரு சாரம் எத்தனை நொடியில் காணாமல் போகும் என்று போன சனிக்கிழமை பார்த்தேன். மாமாவின் வளவு, பின்பக்க எல்லை, கொங்கிரீட் தூண் 34. ரக்ரருக்குப் பின்னால் மாட்டி, பெரிய இரும்புத் திருகால் தூணுக்குக் கிடங்கு போடுகிற மெசின்தான், இங்கே எல்லோருக்கும் தெரியும். பதினேழாவது கிடங்கில் கல் தட்டியது. திருகு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, இறங்கவில்லை. மாமா சும்மா நிற்கிற ஆள் இல்லை. "பாரம் காணாது" என்று சொல்லிக்கொண்டு போய், மெசினின் மேல் தண்டில் வயிற்றை வைத்துச் சாய்ந்தார்.

ரக்ரர் என்ஜினின் சுழற்சியை மெசினுக்குக் கொண்டுபோகிற பி.ரி.ஓ. தண்டுக்கு மேலே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை எந்தக் காலத்திலோ உடைந்து போயிருந்தது. காற்று அடித்ததா, அவர் காலை மாற்றி வைத்தாரா, தெரியாது. சாரத்தின் தலைப்பு தண்டில் தொட்டது. "சரக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாமா உள்ளுடுப்போடு மண்ணில் இருந்தார்.

நான் சிரித்தேன். முதலில் சிரித்தது நான்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். ஓட்டிய பொடியன் கிளச்சை மிதித்து எல்லாம் நின்ற பிறகுதான் தண்டைப் பார்த்தோம். முழுச் சாரமும் தேர்வடம் மாதிரி முறுக்கி, விரல் நுழையாத அளவுக்கு இறுகிக் கிடந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தோம். மாமா வழக்கமாகச் சாரத்துக்கு மேலே அகலப் பெல்ட் கட்டுகிறவர். அன்றைக்கு அதைக் கழுவிக் கொடியில் காயப் போட்டிருந்தார். நான்கு நாளாக அந்தப் பெல்ட்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

பழைய மசி:
தம்பி, பெல்ட் கதையை விடுங்கள். உறை இல்லாத தண்டைக் கொண்டு வேலைக்கு வந்தவனைத்தான் முதலில் கேட்க வேண்டும். காசு கொடுக்கிறவர் நீங்கள். "உறை எங்கே?" என்று கேட்டு, இல்லையென்றால் படலையோடு திருப்பி அனுப்பியிருக்கலாம்.

இப்படிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்றும் தெரியவில்லை. மசி 135 ரக்ரர் வைத்து நானே கிடங்கு கிண்டினவன். கிடங்குக்கு இவ்வளவு என்று பேசிப் போவோம், ஆனபடியால் கை வேகமாகத்தான் ஓடும். புன்னாலைக்கட்டுவன் பக்கம் திராட்சைப் பந்தலுக்குத் தூண் போடப் போன நாள். மேலே ஒன்றரை அடி செம்மண், பூப்போல இறங்கும். கீழே சுண்ணாம்புக்கல். ஒவ்வொரு முறை கல்லில் முட்டும்போதும் திருகைப் பூட்டுகிற சியர் போல்ட் "டக்" என்று முறிகிறது. காலையில் மட்டும் நான்கு. தோட்டக்காரர் வரம்பில் நின்று, "வேலைக்கு வந்தனீரோ போல்ட் மாற்ற வந்தனீரோ?" என்று கேட்டார். ரோசம் வந்துவிட்டது. பெட்டிக்குள் கிடந்த கெட்டிப் போல்ட் ஒன்றை எடுத்துப் போட்டேன். நீளம் கூட. முனை இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அடுத்த கல்லில் போல்ட் முறியவில்லை. கியர்ப் பெட்டிக்குள் பல்லு முறிந்தது. அந்தச் சத்தத்தை எழுத வராது. ரக்ரர் முழுவதும் ஒருமுறை குலுங்கி, நான் ஸ்ரேறிங்கில் நெஞ்சை இடித்துக்கொண்டேன். அந்தப் போல்ட் முறிவதற்கென்றே செய்தது. அது முறிந்தால் சின்னக் காசு, அது முறியாவிட்டால் வேறெதுவோ முறியும். பிறகு ஆறுதலாக இருந்து யோசித்தபோதுதான் இன்னொன்று விளங்கியது. நீட்டிக்கொண்டு நின்ற அந்த முனைக்குக் கிட்டத்தான் தோட்டக்காரரின் மகன் குனிந்து மண்ணை விலக்கிக்கொண்டு நின்றவன்.

கச்சாய் றோட்டு:
எங்கள் பக்கம் கல் இல்லை, மணல். கல்லைவிட மணல் பரவாயில்லை என்று நினைப்பீர்கள். மாரி மழை பெய்து முடிந்த கிழமை, தென்னங்காணிக்குக் கம்பிவேலி. ஓட்டினவர் அவசரக்காரர். கொஞ்சம் இறக்கி, தூக்கி, மண்ணை உதறி, மறுபடி இறக்க வேண்டியதை ஒரே மூச்சில் மூன்றடிக்கு விட்டார். திருகு தக்கைத் திருகி போலத் தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஈர மணல் மேலே வந்து மூடிவிட்டது.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? நிறுத்தியிருக்க வேண்டும். ஹைட்ரோலிக் லீவரை இழுத்தார். திருகு வரவில்லை, ரக்ரரின் முன் சில்லு இரண்டும் மண்ணை விட்டு எழும்பின. அதிகமில்லை, ஒரு சாண் இருக்கும். ஆனால் காற்றில் நின்ற அந்தச் சில்லில் ஒன்று மெதுவாகத் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளையின் பார்வை.

லீவரை இறக்கி, என்ஜினை நிறுத்தி, பி.ரி.ஓ.வை நியூட்ரலில் விட்டு, பெரிய பைப் ரெஞ்ச் கொண்டு இரண்டு பேர் திருகை எதிர்ப்பக்கமாகச் சுற்றினோம். ஒன்றரை மணித்தியாலம் போனது. அதற்குள் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு ஆறு கிடங்கு வெட்டியிருக்கலாம்.

பனிநாட்டுப் பனங்காய்:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவிலிருந்து எழுதுகிறேன். என் அனுபவம் சின்னது: இங்கே ஒரு பண்ணையில் வேலை செய்தபோது கையுறை ஒன்று தண்டில் போனது. கை அதற்குள் இல்லை. சரி, அதை விடுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். முதலில் தூணை அளந்துவிட்டு மெசினைப் பாருங்கள். 4 அங்குலத் தூணுக்கு 9 அங்குலத் திருகு போதும். சுற்றிவரக் கொங்கிரீட் ஊற்றுவதென்றால் 12. "பெரிதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் உதவும்" என்று 18 வாங்கினால் மண் அள்ளியே நாள் போகும், சின்ன ரக்ரர் திணறும். தென்னம்பிள்ளை வைக்க உதவும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு மூன்றடிச் சதுரக் கிடங்கு வேண்டும், திருகு போட்ட ஓட்டை காணாது. தூண் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், திருகின் நீளமும் தானாக வந்துவிடும்.

இரண்டாவது, மாமாமார் ஏன் மெசினின் மேல் ஏறுகிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பேர்கசன் ரக்ரர் காலத்து மூன்று புள்ளி இணைப்பு, அதுதான் பின்னால் மெசினை மாட்டுகிற கை, தூக்கத்தான் செய்யும், அமத்தாது. கீழே போகிற பாரம் மெசினின் சொந்தப் பாரம் மட்டுமே. ஆகவே திருகு மொட்டைப் பல்லோடு கல்லில் நின்றால் இறங்காது. அதற்கு ஆள் ஏறி நிற்பது மருந்து இல்லை. பல்லை மாற்ற வேண்டும். கல்லுத் தறைக்குக் கார்பைட் முனை வைத்த பல் இருக்கிறது. அதுவும் இளகின கல்லுக்குத்தான்.

மூன்றாவது, பி.ரி.ஓ.வுக்கு 540 என்று எழுதியிருப்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. நொடிக்கு 9 சுற்று. மனிதக் கை பின்வாங்க முதல் தண்டு பல தரம் சுற்றி முடித்துவிடும். கியர்ப் பெட்டி அதைக் குறைத்து, திருகைப் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆனால் தண்டு அந்தப் பெட்டிக்கு முன்னால் அல்லவா இருக்கிறது? என்ஜினை ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வைத்து ஓட்டுங்கள். இணுவில்காரனின் மாமாவைக் காப்பாற்றியது பெல்ட் இல்லாதது மட்டுமில்லை, அந்தப் பொடியன் மெதுவாக ஓட்டியதுமாக இருக்கலாம்.

நான்காவது, மெசினுக்குக் கிட்ட ஒருவரும் நிற்கக்கூடாது. திருகு சுற்றும்போது மண்ணைக் கையாலோ காலாலோ விலக்கக்கூடாது. திருகு முழுதாக நின்ற பிறகு மண்வெட்டி. ஓட்டுகிறவர் சீற்றை விட்டு இறங்கினால் என்ஜின் நிறுத்தம். ஐந்தாவது...

பழைய மசி:
ஐந்தாவதை நாளைக்கு எழுதுங்கள் அண்ணை. சொன்னது எல்லாம் சரி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கார்பைட் பல் கேட்டு நான் யாழ்ப்பாணம் டவுனில் எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பேன் தெரியுமா? எங்களுக்கு முதல் மருந்து அலவாங்கு. ரக்ரரை எடுக்க முதல் ஒவ்வொரு குறியிலும் அலவாங்கைக் குத்திப் பாருங்கள். "ணங்" என்றால் ஓர் அடி தள்ளிப் போடுங்கள், அல்லது அந்தக் கிடங்கைக் கையால் உடையுங்கள். கோடையில் செம்மண்ணே கல்லுப் போல இறுகியிருக்கும், ஐப்பசி முதல் மழை விழுந்த பிறகு அதே மண் வெண்ணெய். இதையெல்லாம் கனடாவில் இருந்து பார்க்க முடியாது.

மயிலிட்டி மகள்:
அலவாங்கைக் குத்திப் பார்ப்பது பற்றி. எங்கள் பக்கம் அதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

1990இல் போரில் விட்டுவிட்டு ஓடிய காணி. இராணுவம் விடுவித்து, கண்ணிவெடி எடுத்துத் துப்புரவாக்கின பிறகு வேலி போடத் தொடங்கினோம். ரக்ரர்காரர் என் அப்பாவைவிட மூத்தவர், அமைதியான மனிதர், கொண்டு வந்த தேத்தண்ணியை எங்களுக்கும் ஊற்றித் தந்தவர். வடக்கு மூலையில் திருகு மேலே வந்தபோது மண்ணோடு கறள் பிடித்த உருளை ஒன்றும் வந்து கிடங்கின் வாயில் விழுந்தது. அவர் பி.ரி.ஓ.வை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கல் என்று நினைத்தாராக்கும், செருப்புக் காலால் அதைத் தட்டிவிடக் காலைத் தூக்கினார்.

"டேய்!" என்று கத்தினேன்.

ஆள் அப்படியே நின்றார், தூக்கின கால் தூக்கினபடி. வாலில் செட்டை இருந்தது. மோட்டார் எறிகணை. வந்த வழியாலேயே எல்லோரும் பின்னுக்கு நடந்து றோட்டுக்குப் போய் பொலிஸின் 119க்கு அடித்தோம். ஆட்கள் வந்து சுற்றிவர நாடா கட்டி, அடுத்த நாள் எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவரை ரக்ரர் அந்த இடத்திலேயே நின்றது.

அவரிடம் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை பிள்ளை, ஐயா என்று கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டன்" என்றார். இருந்தாலும் அந்த வயதுக்காரரை அப்படிக் கூப்பிட்டது இன்றைக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கிறது. மீளக்குடியேறின காணியில் மெசின் விடுகிறவர்கள், துப்புரவாக்கினது என்று சொன்னாலும், கிடைத்த எதையும் தொடாமல் நில்லுங்கள்.

கதியால்:
இவ்வளவு ஆபத்தையும் பார்த்தபின் கேட்கிறேன், கிளுவைக் கதியாலுக்கு என்ன குறை? அலவாங்கால் ஒரு குத்து, கதியாலை ஊன்று, மழைக்குத் தளிர்க்கும். ஆட்டுக்குக் குழையும் ஆச்சு.

மெசின் வந்து எங்கள் ஊர் வேலிச் சண்டையையும் கெடுத்துவிட்டது. முன்பு எல்லையை அரக்க ஒரு பரம்பரை வேண்டும், வருஷத்துக்கு ஒரு விரல் கதியால். என் பக்கத்து வீட்டுக்காரர் நான் வேலைக்குப் போன ஒரு பகலில் 30 கிடங்கு கிண்டி முடித்துவிட்டார், எல்லாம் என் பக்கம் அரை அடி தள்ளி. பின்னேரம் வந்து பார்க்கிறேன், நூல் பிடித்த மாதிரி நேர்த்தியான வட்ட ஓட்டைகள். கோபத்தை விட முதலில் வந்தது ஆச்சரியம், உண்மையாகச் சொல்கிறேன். கிராம அலுவலர், நில அளவையாளர் என்று போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. இரவில் நாய் ஒன்று விழுந்து ஊரை எழுப்பியது.

கச்சாய் றோட்டு:
கிண்டின கிடங்கைத் திறந்து விட்டுவிட்டுப் போவதே பெரிய பிழை. பலகையோ தகரமோ வைத்து மூட வேண்டும். நாயோடு போனது. பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வளவென்றால்?

பனிநாட்டுப் பனங்காய்:
அதைத்தான் ஐந்தாவதாக எழுத வந்தேன்.

இணுவில்காரன்:
எல்லோருக்கும் நன்றி. உறை பற்றிப் பழைய மசி அண்ணை சொன்னது சரி, கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்டேன். உறை வாங்கிப் போட்டுவிட்டுத்தான் வருவேன் என்று பொடியன் சொல்லியிருக்கிறான், வரும்போது பார்ப்போம். பதினேழாவதோடு சேர்த்து இன்னும் 18 கிடங்கு இருக்கிறது. மாமா இரண்டை அலவாங்கால் தானே வெட்டிவிட்டார், காற்சட்டை போட்டுக்கொண்டு. மாமிக்கு ஒன்றும் சொல்லவில்லை. நேற்று அவ என்னிடம் கேட்டா, "கொடியில் பெல்ட் கிடக்குது, அந்த நீலச் சாரத்தைக் கண்டனியோ தம்பி?" என்று.