வடகம் போட்டு விற்க வழி சொல்லுங்க

அக்கா, தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுக்கு. மாமியார் படுத்த படுக்கை, சின்னவனுக்கு ரெண்டு வயசு. வெளி வேலைக்குப் போக முடியாது. எங்க வயலுக்கு ஜூன் 12-ல மேட்டூர் அணை திறந்தா குறுவை நெல் உண்டு, தள்ளிப்போனா சம்பா போகத்தை மட்டும் நம்பணும். மாசம் அஞ்சாயிரம் வந்தாலே மூச்சு விடலாம்.

போன வருஷம் வாட்ஸ்அப்ல வந்த 'டைப்பிங் வேலை'யை நம்பி 1,500 ரூபா பதிவுக் கட்டணம் கட்டி ஏமாந்தேன். வேலை குடுக்கிறவன் எதுக்கு நம்மகிட்ட காசு கேக்கணும்னு அப்ப உறைக்கலை. அந்த மாதிரி லிங்க் எதுவும் அனுப்பாதீங்க, புண்ணியமாப் போகும்.

எனக்குக் கைவந்தது வடகம்தான். மாப்பிள்ளை சம்பா, பூங்கார் அரிசியில கூழ் காய்ச்சிப் பிழிவேன். மோர் மிளகாய், மணத்தக்காளி வத்தலும் போடுவேன். சித்திரை வெயில்ல கலகலன்னு காஞ்சிடும். ஐப்பசி, கார்த்திகைதான் வில்லங்கம். போன அடைமழையில ஆறு படி அரிசி வடகம் பூஞ்சை பூத்து, குப்பையில கொட்டினேன்.

சின்ன வியாபாரத்துக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு, வருஷத்துக்கு 100 ரூபாதான், போட்டுடுவேன். மழை மாசத்துல எப்படிக் காய வைக்கிறீங்க? சோலார் உலர்த்தி யாராவது வச்சிருக்கீங்களா? கும்பகோணம், தஞ்சாவூர் கடைகள்ல கடனுக்குக் கேட்டா குடுக்கலாமா? கிலோவுக்கு என்ன விலை சொல்றது? கூரியர்ல நொறுங்காம அனுப்புற பக்குவமும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.