டீஃபால்ட் பாஸ்வேர்டு: ‘இயல்புநிலை’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம். டிப்ளமோ மாணவர்களுக்கான குடிநீர்ப் பாதுகாப்புப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 2023 நவம்பரில் பென்சில்வேனியாவின் அலிகிப்பா ஊரில், குடிநீர் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் பூஸ்டர் நிலையத்து பி.எல்.சி. (பம்புகளைத் தானாக இயக்கும் சிறு கணினி) கருவிக்குள் வெளியார் புகுந்துவிட்டார்கள். ஊழியர்கள் கையால் இயக்கிச் சமாளித்தார்கள். தண்ணீருக்குக் கேடு வரவில்லை. அந்த வகைக் கருவியில், பெட்டியைப் பிரிக்கும்போதே இருக்கும் பாஸ்வேர்டு 1111. அதை மாற்றச் சொல்லி அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா எச்சரித்தது. இந்த ‘டீஃபால்ட்’டுக்கு இயல்புநிலை என்று எழுதலாமா?

———

> இயல்புநிலை என்று எழுதலாமா?

வேண்டாம் ஐயா. இயல்பு புணர்ச்சி என்றால் என்ன? இரு சொல்லும் மாறாமல் சேர்வது. தோன்றல், திரிதல், கெடுதல் வந்தால்தான் விகாரம். மாற்றியே ஆக வேண்டியதற்கு, மாறாததன் பெயரை வைக்கிறோம். ‘இயல்பாக இருக்கிறது’ என்றால் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்? படிக்கிற பிள்ளை அதில் ஏன் கை வைப்பான்? முன்னிருப்பு என்றே போடுங்கள்.

———

அம்மா சொன்ன இலக்கணம் சரி. ஆனால் ‘இருப்பு’ என்றதும் கையிலுள்ள பணமும் சரக்கும்தான் நினைவுக்கு வரும். ‘ஆலைக் கடவுச்சொல்’ என்றும் பார்த்தேன். குடிநீர் ஆலையின் கடவுச்சொல் என்று படித்துவிடுவார்கள். நான் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவன். பேனல் கதவின் உள்பக்கம் அந்த எண்ணை ஸ்டிக்கரில் ஒட்டியிருப்பார்கள். நாங்கள் அதைக் ‘கம்பெனி பாஸ்வேர்டு’ என்போம். கம்பெனி போட்டது, நாம் போட்டதல்ல என்பது அந்தப் பேரிலேயே இருக்கிறது. அதையே எழுதுங்கள்.

———

> கம்பெனி பாஸ்வேர்டு

இரண்டுமே ஆங்கிலம். பாடநூலில் இதற்கு இடம் கொடுத்தால் நாளை எதைத் தடுப்போம்?

———

கும்பினி என்று கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே தமிழில் வந்த சொல் ஐயா. ‘கும்பினிக் கடவுச்சொல்’ என்றாலும் எனக்குச் சம்மதம்தான்.

———

நேரமில்லை. அம்மா சொன்னபடி ‘முன்னிருப்புக் கடவுச்சொல்’ என்று போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘கம்பெனி பாஸ்வேர்டு’ அடைப்பில் இருக்கும்.

———

அடைப்பை எல்லா இடத்திலும் போடுங்கள். பம்ப் ஹவுஸில் யாரும் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை.