‘பக்க இழுப்பு’: ஒரு பக்கமாகவே ஓடும் காருக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

கார் நேராகப் போகாமல் ஒரு பக்கமாகவே போகப் பார்ப்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில் நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: பக்கவாட்டு ஈர்ப்பு, பக்க இழுவை, திசை விலகல், சக்கர ஒழுங்குப் பிறழ்வு. முதல் மூன்றோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. நான்காவதை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று. ஈர்ப்பு என்றால் பள்ளிப் பிள்ளைக்குப் புவியீர்ப்புதான் நினைவுக்கு வரும். இழுவை என்றால் மீன்பிடி இழுவைப் படகும், பழுதான வண்டியைக் கட்டி இழுத்துப் போவதும் கண்ணில் வரும். விலகலை ஏற்கெனவே ஒளிவிலகல் எடுத்துக்கொண்டுவிட்டது. பட்டறையில் போய்க் கேளுங்கள், ‘சைடு இழுக்குது’, ‘லெஃப்ட்ல வாங்குது’ என்பார்கள். வாங்குவது அழகான சொல்தான், ஆனால் அதைப் பெயர்ச்சொல்லாக்கினால் காசு கொடுத்து வாங்கியது போலாகிவிடும். இழுப்பது அப்படியில்லை. ஆகவே என் பரிந்துரை ‘பக்க இழுப்பு’. பக்கவாதம், இழுப்பு இரண்டும் சேர்ந்து ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறதே என்று கேலி செய்வீர்கள். செய்யுங்கள். காருக்கு மூச்சிழுப்பு வராது, யாரும் குழம்ப மாட்டார்கள்.

இனி நான்காவதுக்கு வருகிறேன். ‘சக்கர ஒழுங்குப் பிறழ்வு’ என்பது அறிகுறியின் பெயரில்லை, ஒரு தீர்ப்பு. காய்ச்சலுக்கு ‘மலேரியா’ என்று பெயர் வைத்த மாதிரி. இப்போதே வண்டி கொஞ்சம் இழுத்தால் போதும், ‘அலைன்மென்ட் போச்சு’, அதாவது சக்கரக் கோணங்கள் கெட்டுவிட்டன என்று நேரே அலைன்மென்ட் கடைக்குப் போகிறோம். அங்கே பேலன்சிங்கையும், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்வதையும், சேர்த்துச் செய்துகொண்டு வருகிறோம். பேலன்சிங் சரியில்லாவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்காது. இந்தத் தவறான பழக்கத்தைக் கலைச்சொல்லிலேயே பதித்துவிட்டால், தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் பையன் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போதே விடையோடு திறப்பான். தேடவே மாட்டான்.

தேடும் வரிசையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் துணைச் சொற்கள் அங்கிருந்துதான் வர வேண்டும்.

முதல் சந்தேகம் சாலையின் மேல். மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். நம் இந்தியச் சாலை விதிகளில் கான்கிரீட், தடித்த தார்ச் சாலைகளுக்கு இந்தச் சரிவு 1.7 முதல் 2 சதவீதம். 3.5 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் 2 சதவீதம் என்றால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 7 சென்டிமீட்டர் இறக்கம். இடப்பக்கம் ஓட்டும் நமக்கும் இலங்கை நண்பர்களுக்கும் வண்டி இலேசாக இடப்பக்கம் நழுவுவது இயல்பு. பாரிஸிலும் டொராண்டோவிலும் இருக்கும் நண்பர்களுக்கு வலப்பக்கம் நழுவும். சிலர் சோதிக்கிறேன் என்று வண்டியைத் திருப்பி அதே சாலையில் எதிர்த்திசையில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் பயனில்லை. திரும்பி வரும்போதும் நாம் சாலையின் இடப் பாதியில்தான் வருகிறோம், சரிவும் நமக்கு இடப்பக்கம்தான். பக்கக் காற்று தள்ளுகிறதா என்று அறியத்தான் அந்தச் சோதனை உதவும், ஏனென்றால் காற்று மட்டும் பக்கம் மாறிவிடும். சரிவைக் கணக்கிலிருந்து நீக்க, உண்மையிலேயே மட்டமான இடம் வேண்டும்.

இந்த இயல்பான நழுவலுக்கும் பழுதால் வரும் இழுப்புக்கும் ஒரே சொல் கூடாது. கையை எடுத்தால் வண்டி மெல்ல ஓரம் போவது ‘நழுவல்’. நேராக வைத்திருக்கவே ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தால் அது ‘பக்க இழுப்பு’. இரு பக்கமும் மாறி மாறித் தடுமாறினால் அது வேறு, அதற்கு ‘அலைச்சல்’ போதும். சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் முனையோ, சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்டோ தேய்ந்து ஆட்டம் கண்ட வண்டி அலையும். அலைவு என்று வைக்கலாம் என்றால், இயற்பியல்காரர்கள் அதை ஊசலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது டயர். காற்று குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு நான்கு டயரிலும் காற்றைப் பார்க்க வேண்டும். காற்று சரியாக இருந்தும் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு பக்கம் மாறினாலோ மறைந்தாலோ குற்றம் டயரில். ரேடியல் டயரின் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை மயிரிழை விலகிப் பதிந்திருந்தால், பார்வைக்கு உருளையாக இருக்கும் டயர் கூம்பு போல ஓடும். புத்தம் புதிய டயரிலும் இது இருக்கலாம், அலைன்மென்ட் இயந்திரத்தின் திரையில் தெரியவே தெரியாது. ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய டயர் என்றால் இடம் வலம் மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பிரேக். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைப் பேட்களால் கவ்வுவது காலிப்பர். அதன் பின்கள் துருப்பிடித்து இறுகிப்போனால், கால் எடுத்த பிறகும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாயின் (ஹோஸ்) உள்சுவர் உரிந்து மடிந்தாலும் இதே கதைதான்: அழுத்தும்போது எண்ணெய் போகும், விட்டால் திரும்பாது. பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக வீசினால் ஆள் அகப்பட்டான். இங்கே ஒரு தந்திரமும் உண்டு. பிரேக் அழுத்தினால் மட்டும் வலப்பக்கம் இழுக்கிறது என்றால், பெரும்பாலும் பழுது இடப்பக்கம் இருக்கும். இடது பிரேக் சரியாகப் பிடிக்காததால் வலது பக்கம் மட்டும் பிடித்து இழுக்கிறது. வலது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று தலை சொறிகிற காட்சி பட்டறைகளில் சாதாரணம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் சக்கரக் கோணங்கள். கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது, இரு பக்கமும் வேறுபட்டால், தலை அதிகம் வெளியே சாய்ந்த பக்கம் இழுக்கும். காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருப்பது, எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். அரை டிகிரி வேறுபாடே பல வண்டிகளில் கைக்குத் தெரிந்துவிடும். டோ, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ பார்த்திருப்பது. அந்தக் கோணத்தைத்தான் எல்லோரும் முதலில் திருப்புகிறார்கள், ஆனால் முன் சக்கரங்களின் டோ பெரும்பாலும் இழுப்பைத் தராது. ஓடும்போது இரு சக்கரமும் அந்தப் பிழையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் தேயும், வண்டி நேராகவே போகும். பின் சக்கரங்கள் ஒரு பக்கம் பார்த்திருந்தால் வண்டி நண்டு மாதிரி சற்றுக் குறுக்காக ஓடும். அதற்கு ‘நண்டு நடை’ என்று வைப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கிறேன்.

கேம்பருக்கு வருவோம். சாலையின் சரிவுக்கும் சக்கரத்தின் சாய்வுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். நாம் அந்தச் சிக்கலை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. சாலைக்குச் ‘சரிவு’, சக்கரத்துக்குச் ‘சாய்வு’. சக்கரத்தைச் சில்லு என்று சொல்லும் யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘சில்லுச் சாய்வு’ எனக்கும் பிடித்திருக்கிறது, சில்லு சின்ன, உருண்ட சொல். ஆனால் இங்கே கணினிக்காரர்கள் சிலிக்கான் துண்டுக்குச் சில்லு என்று வைத்துவிட்டார்கள். இன்றைய காரில் இரண்டு சில்லும் இருப்பதால் ‘சக்கரச் சாய்வு’ என்றே வைத்துக்கொள்வோம். காஸ்டருக்கு ‘அச்சுச் சாய்வு’ என்றால் பக்கவாட்டுச் சாய்வோடு குழம்பும், ‘பின்சாய்வு’ சரியாக இருக்கும். டோவுக்கு ‘உள்நோக்கு’, ‘வெளிநோக்கு’. ஆங்கிலத்தில் ‘டோ’ என்றால் கால்விரல் என்பதற்காக, கால்விரலைத் தமிழில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

துணைச் சொற்களைக் காரணத்தை வைத்து அமைக்காமல், எப்போது இழுக்கிறது என்பதை வைத்து அமைக்கச் சொல்கிறேன். மெக்கானிக் முதலில் கேட்பதும் ‘எப்போ இழுக்குது?’ என்பதைத்தான். சீராக ஓடும்போது இழுத்தால் ஓட்ட இழுப்பு. பிரேக் அழுத்தும்போது இழுத்தால் பிரேக் இழுப்பு. பிரேக்குக்கும் தமிழ் வேண்டும் என்பவர்கள் தடுப்பிழுப்பு என்று எழுதிக்கொள்ளலாம், பட்டறை வாசலைத் தாண்டாது என்பது என் எண்ணம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இழுத்தால் முடுக்க இழுப்பு. முன்சக்கர இயக்கக் கார்களில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகள் (டிரைவ் ஷாஃப்ட்) இரு பக்கமும் வேறு வேறு நீளத்தில் இருந்தால் இது பழுதில்லாமலே வரும். மிதிக்கும்போது ஒரு பக்கமும் பிரேக் போடும்போது மறு பக்கமும் இழுத்தால், சக்கரத்தைக் கீழே தாங்கும் கையின் ரப்பர் (லோயர் ஆர்ம் புஷ்) கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு வகை இருக்கிறது. இடப்பக்கம் திரும்பி நேராக்கினால் தொடர்ந்து இடப்பக்கமே இழுக்கும், வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம். முன் சக்கரத்தின் அதிர்வுதாங்கித் தூணான ஸ்ட்ரட் மேல் இருக்கும் பேரிங் இறுகினால் இப்படி ஆகும். இதற்கு வந்த ‘நினைவுத் திருப்பம்’ ஆங்கில ‘மெமரி ஸ்டீர்’ என்பதன் நேரடி மொழிபெயர்ப்பு, வண்டிக்கு ஞாபகமெல்லாம் ஏது. திரும்பிய பிறகும் மிஞ்சி நிற்பதால் ‘எச்ச இழுப்பு’ என்று வைக்கலாம்.

டயரின் கூம்புக் குறைக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. ‘கூம்புத்தன்மை’ பாடப்புத்தகத்துக்குச் சரி, வாயில் நுழையாது. டயர் கடைக்காரர்கள் யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால், இப்படிப்பட்ட டயரை அவர்கள் என்ன பெயர் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.