புதுப்பிப்பு: பல்லாவரம் கருங்கல் சார்னோக்கைட்தான்

பல்லாவரத்தில் எங்கள் வீட்டில் கிணறு தோண்டும்போது வந்த, பச்சை கலந்த கருங்கல் கிரானைட்டா, டாலரைட் என்ற கரும்பாறையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது, இரண்டும் இல்லை: சார்னோக்கைட் என்ற பாறை. உதவிய எல்லோருக்கும் நன்றி.

"வெளிப்பக்கத்தை விடுங்கள், உடைத்துப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. வெளியே பழுப்பேறியிருந்த கல், உள்ளே எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. லென்ஸில் நீலச்சாம்பல் நிறக் குவார்ட்ஸ் (படிகக்கல் கனிமம்) நிறையத் தெரிந்தது. டாலரைட்டில் இவ்வளவு குவார்ட்ஸ் இருக்காது. அப்புறம், தெரிந்த புவியியல் ஆசிரியர் ஒருவர் மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். சீவலைத் திருப்பத் திருப்ப இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் ஹைப்பர்ஸ்தீன் இருந்தது. நீர் குறைந்த, கடும் வெப்பமுள்ள ஆழத்தில் உருவாகும் கனிமம் அது. சாதாரண கிரானைட்டில் பார்க்க முடியாது.

நான் எதிர்பார்க்காதது இரண்டு. கருமைக்கு இரும்புக் கனிமங்கள் மட்டும் காரணமில்லை, குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் கூட இதில் கருமையாகவே இருக்கின்றன. அடுத்தது பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைதான். அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். நம் பரங்கிமலைப் பாறையும் அதே சார்னோக்கைட். இத்தனை வருஷம் அதன் மேலேயே நடந்திருக்கிறோம்!