ஜூனோ-106: பி.டபிள்யூ.எம். போட்டால் இடது கை மட்டும் சுருதி விலகுவது ஏன்?

கருங்கட்டை:
ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசரில் ஸ்ட்ரிங்ஸ் மாதிரி ஒரு பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி) அமைக்கிறேன். அலைவடிவங்களில் பல்ஸ் (கட்டம் போன்றது) மட்டும் ஆன், சா (ரம்பப்பல் போன்றது) ஆஃப். பல்ஸின் அகலத்தை அசைக்கும் பி.டபிள்யூ.எம். சுவிட்ச் எல்.எஃப்.ஓ. (மெல்ல ஏறி இறங்கும் கட்டுப்பாட்டு அலை) பக்கம், ஸ்லைடர் முழுசா 10. எல்.எஃப்.ஓ. வேகம் ஏறத்தாழ நொடிக்கு ஒரு சுற்று. டி.சி.ஓ. (ஒலியை உருவாக்கும் ஆசிலேட்டர்) பகுதியில் இருக்கிற எல்.எஃப்.ஓ. ஸ்லைடர் 0, அதாவது விப்ராட்டோ (சுருதி அசைவு) கிடையாது. வலது கை நன்றாக இருக்கு. இடது கையில் கீழே போகப் போக சுருதி தள்ளாடுது. கூடவே, ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் ஒலி மெலிந்து மூக்கால் பாடுவது போல ஆகிவிடுகிறது. கருவி பழுதா, என் அமைப்பு தப்பா?

சதுர அலை:
கருவி நன்றாகத்தான் இருக்கிறது. ஆழமும் வேகமும் சேர்ந்து கூடிப்போச்சு, அவ்வளவுதான்.

பல்ஸ் அலையை இரண்டு சா அலைகளின் வித்தியாசம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சா அலையிலிருந்து, சற்றுத் தள்ளி நிற்கும் இன்னொன்றைக் கழித்தால் பல்ஸ் வரும். எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுதான் பல்ஸின் அகலம். எல்.எஃப்.ஓ. அந்த இடைவெளியை நகர்த்தும்போது, நகர்கிற சா அலையின் சுருதி அந்நேரம் உண்மையாகவே விலகி நிற்கிறது. ஒரே ஆசிலேட்டர் இரண்டு போலக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது கணக்கு. 106-இல் அகலம் 50%-இலிருந்து ஏறத்தாழ 95% வரை போகும். அதாவது 0.45 சுற்று. உங்கள் வேகத்தில் இந்தத் தூரத்தை அரை நொடியில் கடக்கிறது; விலகல் 0.9 ஹெர்ட்ஸ். எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதே 0.9 ஹெர்ட்ஸ்தான், விஷயமே அதில்தான் இருக்கு. 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் அது 3.5 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்), காதுக்கு இனிமை. 55 ஹெர்ட்ஸில் அதுவே 28 சென்ட். முதலில் ஒரு பக்கம், அடுத்த அரை நொடியில் மறுபக்கம். தள்ளாடாமல் என்ன செய்யும்?

மெலிவுக்கும் காரணம் அந்த 95% தான். 50%-இல் இருக்கும் அடிப்படைச் சுரத்தின் வலுவோடு ஒப்பிட்டால் 90%-இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 95%-இல் ஆறில் ஒரு பங்கு. உடம்பு போய் எலும்பு மட்டும் நிற்கும்.

பி.டபிள்யூ.எம். ஸ்லைடரை 4–5க்கு இறக்குங்கள். எல்.எஃப்.ஓ. வேகத்தைப் பாதியாக்கி, ஒரு சுற்றுக்கு 2 நொடி வரும்படி வையுங்கள். 55 ஹெர்ட்ஸில் விலகல் சுமார் 7 சென்ட் ஆகிவிடும். ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும் சப் ஆசிலேட்டரை 3 அளவுக்கு ஏற்றுங்கள், பி.டபிள்யூ.எம். அதைத் தொடாது, அதனால் கீழ்ச்சுருதியைப் பிடித்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹெச்.பி.எஃப். 1-இல் இருக்கட்டும். 0 என்பது 'ஒன்றும் செய்யாதே' அல்ல, 106-இல் அது பேஸைக் கூட்டுகிற நிலை. நிறைய பேர் இதில் ஏமாறுகிறார்கள்.

வடிகட்டி:
மற்றதெல்லாம் சரி. சப் பற்றி மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஸ்ட்ரிங்ஸுக்குச் சப் போட்டால் ஆர்கன் வாசனை வந்துவிடும். அதற்குப் பதில் சா பட்டனை ஆன் செய்யுங்கள். அதன் சுருதி அசையாது, பல்ஸ் மெலியும் இடத்தில் ஒலியும் காலியாகாது. மேல் ஒலிகளை வெட்டும் ஃபில்டரான வி.சி.எஃப்.-இன் கட்ஆஃபை (வெட்டத் தொடங்கும் இடத்தை) ரொம்ப மூடிவிடாதீர்கள்; அகலம் மாறுவது அதிகம் தெரிவது மேல் ஹார்மோனிக்குகளில்தான். 6–7 வைத்து, ரெசொனன்ஸை (வெட்டும் இடத்தில் வரும் எழுச்சியை) 0-இல் விட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று: 106-இல் ஆறு குரலுக்கும் சேர்த்து ஒரே எல்.எஃப்.ஓ. ஆறு விரல் வைத்தாலும் எல்லாச் சுரமும் ஒரே மூச்சில் விரிந்து சுருங்கும். கோரஸ் I எஃபெக்ட் (ஒலியைப் பலவாகக் காட்டுவது) அதைக் கொஞ்சம் மறைக்கும். சர்ஜ் எக்ஸ்.டி. போன்ற மென்பொருளில் செய்தால் எல்லாச் சுரத்துக்கும் பொதுவான சீன் எல்.எஃப்.ஓ. வேண்டாம், சுரத்துக்கு ஒன்றாக ஓடும் வாய்ஸ் எல்.எஃப்.ஓ.வைப் பயன்படுத்தி, தொடங்கும் இடத்தைச் சுரத்துக்குச் சுரம் மாற்றிவிடுங்கள். வடிவம் முக்கோணமாக இருந்தால் விலகல் ஒரே சீராக நிற்கும். சைன் வைத்தால் நடுவில் கூடி ஓரங்களில் அடங்கும். எல்.எஃப்.ஓ. வேகத்தைக் கட்டையோடு இணைக்கவும் அதில் வழி உண்டு. ஆக்டேவுக்கு வேகம் இரட்டிப்பானால் சென்ட் கணக்கில் விலகல் எங்கும் சமம். ஆனால் அப்படி முழுசாக இணைத்தால் மேல் சுரங்கள் படபடக்கும். பாதி போதும்.

கருங்கட்டை:
ஸ்லைடர் 4, வேகம் பாதி, சா ஆன். இடது கை நின்றுவிட்டது, இருவருக்கும் நன்றி. சப் 2-க்கு மேல் போனால் ஆர்கன்தான், வடிகட்டி சொன்னது சரி. இன்னொரு கேள்வி: கட்டையை அழுத்தியதும் பல்ஸ் குறுகலாகத் தொடங்கி மெல்ல 50%-க்குத் திறக்க வேண்டும். என்வலப்பை (கட்டையை அழுத்தியதும் ஓடும் ஏற்ற இறக்கத்தை) பி.டபிள்யூ.எம்.-க்கு அனுப்புவது எப்படி?

சதுர அலை:
106-இல் முடியாது. ஜூனோ-60-இல் அந்தச் சுவிட்சில் என்வலப் நிலையும் உண்டு. 106-இல் எல்.எஃப்.ஓ., மேனுவல் (ஸ்லைடர் வைத்த அகலம் அப்படியே நிற்பது) இரண்டே. சுற்றுவழி ஒன்று: பின்புற மிடி ஃபங்ஷன் சுவிட்சை III-இல் வைத்து, பி.டபிள்யூ.எம்.-ஐ மேனுவலாக்கி, சீக்வென்ஸரிலிருந்து சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் செய்தியாக (அந்தக் கருவிக்கென்றே உள்ள மிடி கட்டளையாக) அதன் மதிப்பை அனுப்பலாம். அளவுரு எண் 3, மதிப்பு 0 முதல் 127 வரை. ஆனால் அது ஆறு குரலையும் ஒன்றாகத்தான் இழுக்கும். ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் சுரமும் சேர்ந்து மாறும். ஒற்றைச் சுர மெலடிக்குச் சரிவரும், கார்டுக்கு வராது.

வடிகட்டி:
வேறு சிந்தசைசரில் என்வலப் வைத்துச் செய்யும்போது, தொடக்கத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். அகலம் மாறினால் அலையின் சராசரி மட்டமும் மாறும். சில மில்லி நொடியில் மாறினால் அந்தத் தாவல் காதில் விழும். அகலத்தைத் திறக்கும் நேரத்தை 20 மில்லி நொடிக்கு மேல் வையுங்கள். அப்படியும் இருந்தால் பிறகு ஒரு ஹைபாஸ் ஃபில்டர், 30–40 ஹெர்ட்ஸில்.