பெரியப்பா வி.ஆர். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு "இது கடல் இல்ல" என்கிறார், ஏன்?

மோல்மேன்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், கரண்ட் இருக்கும்போதே அடித்து முடிக்கப் பார்க்கிறேன்.

எங்கள் பெரியப்பா இளவயதில் பர்மாவின் தென்கடலோரம் மெர்கி பக்கம் கம்ப்ரசர் படகில் வேலை பார்த்தவர். மோல்மேனில் பிறந்த தமிழன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது தனிக்கதை, இப்போது வேண்டாம். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கி கடல் அட்டையும் சிப்பியும் பொறுக்க வேண்டும். முதுகில் டேங்க் கிடையாது, ஆழம் காட்டும் மீட்டர் கிடையாது, கண்ணுக்கு ஒரு மாஸ்க், அவ்வளவுதான். ஏழெட்டு வருஷம் ஓடியது. ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக ஏறியதில் இடது கால் மரத்துப்போய், இன்றைக்கும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

போன மாதம் அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது, கண்ணை மூடி மாட்டினால் சுற்றிலும் படம் தெரிகிற வி.ஆர். ஹெட்செட் ஒன்று கொண்டுவந்தான். அதில் பவளப்பாறைகளுக்கு நடுவே 360 டிகிரி கேமராவில் எடுத்த வீடியோ. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். சுறா வந்தபோது என் வீட்டுக்காரி நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, நல்லவேளை சுவர் தாங்கிக்கொண்டது. பெரியப்பா ரெண்டே நிமிஷம். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது கடல் இல்ல" என்றார்.

என்ன குறை என்று கேட்டால் வரிசையாக அடுக்குகிறார். மீனெல்லாம் சிறுத்துப் போயிருக்கிறதாம். அந்த ஆழத்தில் அவ்வளவு சிவப்பு இருக்கவே இருக்காதாம். பின்னணியில் வயலின் எதற்காம், கடலுக்குள்ளே எந்நேரமும் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம்தானே கேட்கும், அதைக் காணோமாம். கடைசியாக, "பல்லுல ஒண்ணும் இல்லையே" என்றார்.

இந்தக் கடைசி வார்த்தைதான் மனதில் நிற்கிறது. ஏனென்றால் அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்செட் மாட்டிய நிமிஷமே தாடை இறுகிவிட்டது, வலது கை காதுக்குப் பக்கத்தில் எதையோ பிடித்திருப்பது போல மடங்கியே இருந்தது.

இது வயசான காலத்துப் பிடிவாதமா, நிஜமாகவே விஷயம் உண்டா? ஒரு மனிதன் உள்ளே இருந்து உணர்ந்ததை அப்படியே பதிவு செய்து இன்னொருவனுக்குக் கொடுக்க எந்த மெஷினாலாவது முடியுமா? கடலுக்கடியில் வீடு கட்டித் தங்குகிறார்களே, அவர்களிடமாவது யாரும் முயற்சி பண்ணியிருக்கிறார்களா?

கொத்தாங் படகு:

அண்ணே, பெரியப்பா சொன்னதில் ஒன்றுகூடப் பிடிவாதம் இல்லை. நான் அக்கரையில் தாய்லாந்து டைவிங் படகுகளில் ஆறு வருஷம் இருந்தவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் மீன். மாஸ்க்கில் தட்டையான கண்ணாடி, அதற்குள் காற்று, வெளியே தண்ணீர். ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். புதிதாக இறங்குகிறவர்கள் கையை நீட்டிப் பிடிக்கப் போய் வெறும் தண்ணீரைப் பிடிப்பார்கள், படகில் எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. கேமராவுக்குப் போடுவது குமிழ் மாதிரி உருண்டைக் கண்ணாடி, அது அந்தப் பெருக்கத்தைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். ஆக கேமரா மீனின் உண்மையான அளவைக் காட்டியிருக்கிறது, பெரியப்பா வருஷக்கணக்கில் பார்த்தது பெருத்த மீன். எது சரி என்று நீங்களே சொல்லுங்கள்.

சிவப்பும் அப்படித்தான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான், பத்து மீட்டர் தாண்டினாலே அது அநேகமாகப் போய்விடும். என் கட்டைவிரலில் சிப்பி கிழித்து ரத்தம் வந்தபோது அது பச்சையும் கறுப்புமாகப் புகை மாதிரி போனது, ஏதோ பாசி என்று நினைத்துத் துடைத்தேன். வீடியோ எடுக்கிறவர்கள் விளக்குப் போட்டு, அப்புறம் கம்ப்யூட்டரிலும் சிவப்பை ஏற்றிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

கடுகு பொரிகிற சத்தம் போடுவது கொடுக்கைச் சொடுக்குகிற ஒரு சின்ன இறால். சொடுக்கும்போது உண்டாகிற நீர்க்குமிழி உடைகிற சத்தம் அது. ஆயிரக்கணக்கில் சேர்ந்து சொடுக்கினால் சமையலறைதான். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லவே முடியாது. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும், தண்ணீரில் சுமார் 1500. இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் அவ்வளவு சுருங்கிப்போவதால் மூளைக்குத் திசை பிடிபடாது, சத்தம் மண்டைக்குள்ளிருந்தே வருவது போல இருக்கும். ஹெட்செட்டில் இடது வலது என்று பிரித்து அழகாகக் கொடுப்பார்கள், கடலில் அந்த அழகு கிடையாது.

இன்னொன்று. பெரியப்பா மெர்கியில், படகிலேயே வாழ்கிற சலோன் இனத்துப் பிள்ளைகளைப் பார்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள். மாஸ்க்கே இல்லாமல் இறங்கிச் சின்னச் சின்னச் சிப்பிகளைப் பொறுக்குவார்கள். அதே இனத்துப் பிள்ளைகளை (தாய்லாந்துப் பக்கம் மோக்கன் என்பார்கள்) ஸ்வீடனிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். தண்ணீருக்கடியில் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். கண்மணியை 2 மில்லிமீட்டருக்கும் கீழே சுருக்கிவிடுகிறார்கள், நமக்கெல்லாம் மங்கலில் அது விரியும். அப்புறம் ஸ்வீடன் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் வந்துவிட்டது. அதே தண்ணீர், அதே வெளிச்சம், கண் பழகியது வேறு. எந்தக் கண்ணுக்குத் தெரிந்ததைக் கேமரா பதிவு செய்யும்?

ரங்கூன் டீக்கடை:

கடலடி வீடு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பெரியப்பாவின் காலுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட நாம் இழுக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து ஏறும். சடாரென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழாக வெளியேறும். மூட்டில் மாட்டினால் வலி, முதுகுத்தண்டில் மாட்டினால் கால் போச்சு. ஆனால் ஒரே ஆழத்தில் ஏறக்குறைய ஒரு நாள் இருந்துவிட்டால் உடம்பு இனிமேல் ஏற்றிக்கொள்ள முடியாத அளவு நிறைந்துவிடுகிறது. அப்புறம் ஒரு நாள் இருந்தாலும் ஒரு மாதம் இருந்தாலும் மேலே வரக் காத்திருக்க வேண்டிய நேரம் ஒன்றுதான். அப்படியானால் கீழேயே குடியிருந்தால் என்ன என்று கிளம்பியதுதான் கடலடி வீடு. ஃபுளோரிடாவில் அக்வேரியஸ் என்று ஒன்று இன்னும் இருக்கிறது. சுமார் 19 மீட்டர் ஆழம், ஆறு பேர் தங்கலாம், கிளம்பும்போது அழுத்தத்தைக் குறைக்க மட்டும் 17 மணி நேரம் உள்ளேயே உட்கார வேண்டும். நாசாகூட விண்வெளிப் பயிற்சிக்கு அங்கேதான் ஆட்களை அனுப்பியது.

பதிவு என்று கேட்டீர்களே, அது 1969-70-லேயே நடந்தது. கரீபியன் கடலில் டெக்டைட் என்ற வீடு. உள்ளே இருந்தவர்களைக் கேமராவும் மைக்கும் வைத்து மேலே ஆட்கள் உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருந்தார்கள், எப்போது சாப்பிட்டார், யாரோடு பேசினார், எப்போது தூங்கினார் என்று எல்லாம் குறிப்பு. 1970-இல் கடல் ஆராய்ச்சியாளர் சில்வியா ஏர்ல் தலைமையில் ஐந்து பெண்கள் இரண்டு வாரம் இருந்ததும் அங்கேதான். ஒவ்வொரு மீனையும் தனித்தனியாக அடையாளம் தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பழகினார்கள் என்று ஏர்ல் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கம் எந்த டேப்பிலும் ஏறியிருக்காது, நம்ம டீக்கடையில் வாடிக்கையாளர் வரும்போதே சர்க்கரை எவ்வளவு என்று கைக்குத் தெரிகிற மாதிரி.

1965-இல் அமெரிக்கக் கடற்படை இறக்கிய சீலாப் 2 என்ற கடலடி வீடு இன்னும் வேடிக்கை. 62 மீட்டர் ஆழம், அங்கே சாதாரணக் காற்று போதை ஏற்றும் என்பதால் ஹீலியம் கலந்தார்கள். குரலெல்லாம் வாத்துக் குரல். விண்வெளிக்குப் போய்வந்த ஸ்காட் கார்பென்டர் அந்தக் குரலோடு அதிபர் ஜான்சனிடம் போனில் பேசினார். வேடிக்கை ஒருபக்கம், ஹீலியம் உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துவிடும். தெர்மாமீட்டர் நல்ல சூடு என்று காட்டும், ஆளுக்கு நடுங்கும். மெஷின் ஒன்று சொல்லும், தோல் வேறொன்று சொல்லும், உங்கள் பெரியப்பா கதைதான்.

புதுசு:

இதெல்லாம் பழங்கதை. மூளையிலிருந்தே நேராக எடுக்க வழி வந்துவிட்டது, பத்து வருஷத்தில் எல்லாம் வந்துவிடும், பொறுங்கள்.

ஆறறிவு:

@புதுசு, தம்பி, கொஞ்சம் நிதானம். நீங்கள் சொல்வது அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜாக் கேலன்ட் குழு 2011-இல் செய்தது என்று நினைக்கிறேன். ஆளை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்கவைத்து மணிக்கணக்கில் வீடியோத் துண்டுகளைக் காட்டி, மூளையின் பின்பக்கம் ரத்தம் ஓடுவதை வைத்து அவர் என்ன பார்த்தார் என்று கம்ப்யூட்டரை ஊகிக்க வைத்தார்கள். மழையில் நனைந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஓர் உருவம் வந்தது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மெஷின் பல டன் காந்தம், தலை அசையக்கூடாது, ரத்தம் சில நொடி தாமதித்துத்தான் பதில் சொல்லும். கடலுக்குக் கொண்டுபோக முடியாது. மூளையின் மின்சாரத்தைப் பிடிக்கத் தலையில் ஒட்டுகிற மின்முனை இருக்கிறது, அதில் வருவது மைக்ரோவோல்ட் கணக்கு, அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, உப்புத்தண்ணீர் பட்டால் அதுவும் கரைந்துபோகும். இவ்வளவு செய்தும் கிடைப்பது கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்.

தொல்காப்பியம் உயிர்களை அடுக்கும்போது ஓரறிவுக்கு எதைச் சொல்கிறது? தொடுவுணர்வை. அப்புறம் நாக்கு, மூக்கு, அதற்கப்புறம்தான் கண், பிறகு காது, கடைசியில் மனம். வி.ஆர். செய்கிறவர்கள் கண்ணில் ஆரம்பித்துக் காதோடு நின்றுவிட்டார்கள். பெரியப்பா குறைப்பட்டது அந்த ஓரறிவு இல்லையே என்றுதான். கண்டவர் விண்டிலர் என்பார்கள், இவர் பாவம் விண்டும் பார்த்துவிட்டார், வாங்கிக்கொள்ளத்தான் மெஷின் இல்லை.

வேறு மாதிரி யோசித்த ஒருவர் உண்டு. சார் டேவிஸ் என்ற கனடியக் கலைஞர், அவரே கடலில் டைவ் அடிக்கிறவர். 1995-இல் அவர் செய்த வி.ஆர். படைப்பில் கையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. மார்பில் ஒரு பட்டை கட்டுவார்கள். மூச்சை இழுத்தால் மேலே மிதப்பீர்கள், விட்டால் இறங்குவீர்கள், சாய்ந்தால் அந்தப் பக்கம் போவீர்கள். கடலுக்குள்ளும் அதேதானே. படத்தை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்தார் அந்த அம்மா.

எனக்குத் தோன்றுவது, பெரியப்பா மாதிரி ஒருவரிடமிருந்து பதிவு செய்ய வேண்டுமென்றால் அவர் எதைப் பார்த்தார் என்பதைவிட, தாடை எப்போது இறுகியது, கை எங்கே போனது, மூச்சு எப்போது நின்றது என்பதை எடுக்க வேண்டும். நீங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதுதான் நல்ல பதிவு. ஒரு குழாய்த் துண்டை வாயில் கொடுத்துப் பாருங்களேன்.

கொத்தாங் படகு:

ஆமாம், குழாயைக் கொடுங்கள். வயலினை மியூட் பண்ணுங்கள் முதலில்.

மோல்மேன்காரன்:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக நெட் சரியில்லை, அதனால் தாமதம்.

ஹெட்செட்டை அக்கா மகன் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். முந்தாநாள் சாயங்காலம் சத்தத்தை அடைத்துவிட்டு, புதுக் குழாயில் ஒரு சாண் வெட்டிக் கழுவிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். "டீசல் வாடை இல்லையே" என்றார். அந்தக் காலத்தில் கம்ப்ரசர் பக்கத்திலேயே இன்ஜின் புகையும், அந்தப் புகையும்தான் குழாய் வழியாகக் கீழே வருமாம், நாள் முழுக்க நாக்கில் அதே ருசி. சரி என்று கடித்துக்கொண்டு மாட்டினார். மூன்று நிமிஷம் போனது. தலையை அங்கே இங்கே திருப்பினார், சலிப்பாகத்தான் இருந்தார்.

அப்போது கரண்ட் போனது. ஹெட்செட்டில் பேட்டரி இருப்பதால் அது ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து அரிசிக் கடையில் டீசல் ஜெனரேட்டரைப் போட்டார்கள், எங்கள் ஜன்னலுக்கு நேரே, தடதடவென்று, புகையும் அப்படியே உள்ளே வந்தது. பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சு நிதானமானது, இழுப்பு நீளம், விடுவது அதைவிட நீளம். வலது கை எழுந்து காதோரம் குழாயைப் பிடித்துக்கொண்டது. இடது கை முழங்கால் பக்கத்தில் தரையைத் துழாவ ஆரம்பித்தது, எதையோ பொறுக்கி இடுப்புப் பக்கம் போடுகிறது, திரும்பப் போகிறது. என் வீட்டுக்காரி சிரிக்கத் தொடங்கி அப்புறம் நிறுத்திக்கொண்டாள். கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே.

கரண்ட் வந்தது. கடைக்காரர் ஜெனரேட்டரை நிறுத்தினார்.

பெரியப்பா குழாயைத் துப்பிவிட்டு, ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தே விட்டார், அந்த இழுக்கிற காலோடு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, ஒரு பெரிய மூச்சு. நான் ஓடிப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். "மெஷின் நின்னா ஏறிடணும்டா" என்றார். உட்கார்ந்து ஆசுவாசமாக ஐந்து நிமிஷம் ஆனது. கால் போன அன்றைக்கும் மேலே மெஷின்தான் நின்றுபோனது என்று அப்போதுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் எங்கள் யாருக்கும் தெரியாது.

கண்ணாடி உடையவில்லை, ஓரத்தில் ஒரு கீறல் மட்டும். இனிமேல் அதைத் தொடவே மாட்டார் என்று நினைத்து அலமாரியில் எடுத்து வைத்துவிட்டேன். இன்று காலையில் டீ குடித்துக்கொண்டே, இன்றைக்குக் கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்கிறார்.